இலையைப் பறிக்காமல் மரத்தின் மொத்த இலைப்பரப்பு: எந்த முறை, எவ்வளவு பிழை?

துளிர்நுனி:
வணக்கம். ஒரே இனத்து இளம் மரங்கள் சிலவற்றின் மொத்த இலைப்பரப்பு ஒரு பருவத்தில் எப்படிக் கூடிக் குறைகிறது என்று பின்தொடர வேண்டும். உயரம் 4 முதல் 5 மீட்டர். அதே மரங்களைத் திரும்பத் திரும்ப அளக்கப்போவதால் அவற்றிலிருந்து இலை பறிக்க வழியில்லை. கையில் இருப்பவை ஸ்கேல், வெர்னியர் காலிப்பர், மேசை ஸ்கேனர், போன் கேமரா, ஓர் ஏணி.

நீளம் × அகலம் × 0.75 என்ற சூத்திரத்தை எந்த மரத்துக்கும் போடலாமா? எத்தனை இலை அளந்தால் போதும்? ஓர் இலையிலிருந்து முழு மரத்துக்கு எப்படிப் போவது?

வளார்:
0.75-ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். 1911-ல் மாண்ட்கோமரி மக்காச்சோள இலைக்குச் சொன்ன எண் அது. மர இலைக்கும் பல நேரம் பக்கத்தில் வரும், ஆனால் உங்கள் இனத்துக்கு வருமா என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும்.

இலையை ஒட்டி ஒரு செவ்வகம் வரைந்தால் அதில் எத்தனை பங்கை இலை நிரப்புகிறது என்பதுதான் அந்தக் கெழு. முழு நீள்வட்டம் என்றால் பை/4, அதாவது 0.785. இரண்டு பரவளைய வில்களைச் சேர்த்து வைத்தது போன்ற, இருபுறமும் கூரான இலை என்றால் 0.667. முக்கோணம் என்றால் 0.5. அரச இலையைப் பாருங்கள்: வால் போன்ற நுனி நீளத்தைக் கூட்டுகிறது, பரப்பைக் கூட்டுவதில்லை. அதனால் கெழு இறங்கும். ஆழமாக மடல் பிரிந்த இலைகளுக்கு இன்னும் இறங்கும், இலைக்கு இலை ஆடவும் செய்யும்.

அளக்கும் முறையை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். நீளம் என்பது காம்பு இலைத்தாளைத் தொடும் இடத்திலிருந்து நுனி வரை, நடுநரம்பின் மேலாக. காம்பு சேராது. அடிப்பகுதி இதய வடிவில் காம்பைத் தாண்டிப் பின்னால் இறங்கினால், நீளத்தைக் காம்புமுனையிலிருந்து எடுப்பதா, மடலின் அடியிலிருந்து எடுப்பதா என்று ஒன்றைத் தீர்மானித்து அதையே கடைசி வரை பிடியுங்கள். எது என்பதைவிட மாறாமல் இருப்பதுதான் முக்கியம். அகலம் என்பது நடுநரம்புக்குச் செங்குத்தாக, மிக அகன்ற இடத்தில். இலை வளைந்திருந்தால் ஒரு கெட்டி அட்டையை அடியில் வைத்து விரலால் மெல்ல அழுத்தித் தட்டையாக்கிவிட்டு அளக்க வேண்டும். வெயில் ஏறி இலை தொய்ந்து சுருண்ட பிறகு எடுக்கும் அகலம் குறைவாகவே வரும், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

அகலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 100 மி.மீ நீளமும் 40 மி.மீ அகலமும் உள்ள இலையில் 1 மி.மீ தவறினால் நீளத்தில் 1 சதவீதம், அகலத்தில் 2.5 சதவீதம். ஸ்கேலை நீளத்துக்கு வைத்துக்கொண்டு அகலத்துக்குக் காலிப்பர் எடுங்கள்.

துளிர்நுனி:
நன்றி. அப்படியானால் கெழுவைக் கண்டுபிடிக்கவே சில இலைகளைப் பறிக்க வேண்டும் அல்லவா?

வளார்:
ஆமாம், ஆனால் நீங்கள் பின்தொடரும் மரங்களிலிருந்து அல்ல. அதே இனம், அதே வயது, அதே மாதிரி வெளிச்சம் உள்ள வேறு மரங்களிலிருந்து 40, 50 இலைகள் எடுங்கள். பாதி வெயில் பக்கத்து இலை, பாதி உள்நிழல் இலை. துளிர் முதல் முற்றிய இலை வரை எல்லா அளவும் வர வேண்டும். நடுத்தர இலைகளை மட்டும் அழகாகப் பொறுக்கி எடுத்தால், பிறகு சின்ன இலைக்கும் பெரிய இலைக்கும் கெழு பொருந்துகிறதா என்று தெரியவே தெரியாது. 15 இலைகளைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். அவற்றைக் கெழு கணக்கில் சேர்க்காமல், கடைசியில் சோதிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ஸ்கேனரில் 300 டிபிஐ போதும். அந்த அளவில் 1 ச.செ.மீ என்பது சுமார் 13,950 பிக்சல். ஒவ்வொரு ஸ்கேனிலும் இலைகளுக்குப் பக்கத்தில் துல்லியமாக வெட்டிய 5 செ.மீ × 5 செ.மீ அட்டை ஒன்றை வையுங்கள். யாராவது இடையில் 150 டிபிஐக்கு மாற்றிவிட்டு அளவுகோலைப் பழையபடியே விட்டால் பரப்பு கால்பங்காக வரும், அந்த அட்டை 25 ச.செ.மீக்குப் பதில் 6.25 காட்டி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இமேஜ்ஜே மென்பொருளில் அளவுகோலை அமைத்து, கறுப்பு வெள்ளையாகப் பிரித்து, துகள் எண்ணும் கட்டளை கொடுத்தால் பரப்பு வந்துவிடும். கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, தடித்த நடுநரம்பு ஸ்கேனர் மூடியைத் தூக்கி, ஓரத்தில் நிழல் விழுந்து அதுவும் இலையாகக் கணக்கில் சேர்வது. மேலே ஒரு தடித்த புத்தகத்தை வைத்தால் சரியாகும். இன்னொன்று, பூச்சி தின்ற ஓட்டைகளை நிரப்பிக் கணக்கிடும் தேர்வு. அதைப் போட்டால் இலை முழுசாக இருந்தபோது இருந்த பரப்பு கிடைக்கும், எடுத்தால் இப்போது மிச்சமிருக்கும் பச்சைப் பரப்பு. எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போடுங்கள்.

ஸ்கேனர் இல்லாதவர்களுக்கு: இலையைத் தாளில் வரைந்து வெட்டி எடை போடுவது இன்றும் நல்ல முறைதான். 80 ஜிஎஸ்எம் (ச.மீட்டருக்கு 80 கிராம்) தாள் ச.செ.மீக்கு 8 மில்லிகிராம். ஆனால் ஈரப்பதத்துக்கு ஏற்பத் தாளின் எடை மாறும். அதே தாளில் 10 × 10 செ.மீ சதுரம் ஒன்றை வெட்டி, அதே நேரத்தில் எடை போட்டு, அந்த விகிதத்தில் கணக்கிடுங்கள். தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும் என்றால் 30 ச.செ.மீ இலைக்கு ஒரு புள்ளி விலகலே 4 சதவீதம். பத்து இலை வடிவங்களைச் சேர்த்து எடை போடலாம், சராசரிக் கெழுவுக்கு அது போதும்.

அளவுகோல்:
கெழு கணக்கிடும் இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பலர் எக்செலில் ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் கோட்டைப் போட்டுவிட்டு, ஆர்-ஸ்கொயர் (கோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99 வந்தது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆதிப்புள்ளி வழியாகக் கட்டாயப்படுத்திய கோட்டுக்குப் பல மென்பொருள்கள் தரும் ஆர்-ஸ்கொயர், சராசரியிலிருந்து விலகலை வைத்துக் கணக்கிட்டது அல்ல, பூஜ்யத்திலிருந்து கணக்கிட்டது. அது எப்போதும் உயரமாகத்தான் தெரியும். சாதாரணக் கோட்டின் ஆர்-ஸ்கொயரோடு அதை ஒப்பிடவே கூடாது.

அதற்குப் பதிலாக, ஒதுக்கிவைத்த 15 இலைகளில் ஒவ்வொன்றுக்கும் கணித்த பரப்பு கழித்தல் உண்மைப் பரப்பு என்று எடுத்து, அதைச் சதவீதமாக்கி, இலை அளவுக்கு எதிராக வரைந்து பாருங்கள். சின்ன இலைகள் எல்லாம் ஒரு பக்கமும் பெரிய இலைகள் எல்லாம் மறுபக்கமும் சாய்ந்தால், வளர வளர வடிவமே மாறுகிறது என்று பொருள். அப்போது ஒற்றைக் கெழு போதாது. நீளம் × அகலத்தின் மடக்கைக்கும் பரப்பின் மடக்கைக்கும் கோடு போட்டு, அடுக்கு, அதாவது அந்தக் கோட்டின் சாய்வு, 1-இலிருந்து விலகுகிறதா என்று பாருங்கள். மடக்கையில் பொருத்தியதைத் திரும்பச் ச.செ.மீக்குக் கொண்டுவரும்போது சராசரி கொஞ்சம் குறைந்துபோகும். இயல் மடக்கை என்றால் எச்ச மாறுபாட்டில் (கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் அளவின் மாறுபாடு) பாதியை எடுத்துச் சேர்த்துவிட்டு அடுக்கேற்ற வேண்டும்.

நமக்கு வேண்டியது மொத்தப் பரப்பு என்பதால் எளிய வழியே நல்ல வழி: எல்லா இலைகளின் உண்மைப் பரப்பின் கூட்டுத்தொகையை, எல்லா நீளம் × அகலத்தின் கூட்டுத்தொகையால் வகுங்கள். பெரிய இலைகளில் சிதறல் கூடுதலாக இருப்பதால், சாதாரண ரெக்ரஷனில் ஓரிரு பெரிய இலைகள் கோட்டை இழுத்துவிடும். இந்த விகிதத்தில் அந்தத் தொல்லை குறைவு.

இன்னொரு பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது. சராசரி நீளத்தையும் சராசரி அகலத்தையும் பெருக்கக் கூடாது. மூன்று இலைகள்: 4 × 2, 10 × 5, 16 × 8. பெருக்கல்கள் 8, 50, 128. சராசரி 62. ஆனால் சராசரி நீளம் 10, சராசரி அகலம் 5, பெருக்கினால் 50 மட்டுமே. 19 சதவீதம் காணாமல் போய்விட்டது. நீளமும் அகலமும் சேர்ந்தே கூடுவதால் இது எப்போதும் குறைவாகவே காட்டும். ஒவ்வோர் இலைக்கும் பெருக்கிவிட்டுத்தான் சராசரி.

இணைச்சிற்றிலை:
வேம்பு, புங்கம் போன்ற கூட்டிலைகளுக்கு என்ன செய்வது? ஒவ்வொரு சிற்றிலையையும் அளக்க ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

வளார்:
முழுக் கூட்டிலையை ஓர் அலகாக எடுங்கள். நடுக்காம்பின் நீளம், சிற்றிலைகளின் எண்ணிக்கை, நடுவில் உள்ள ஒரு சிற்றிலையின் நீளம், அகலம். இந்த நான்கு போதும். நடுச் சிற்றிலையின் பெருக்கலை எண்ணிக்கையால் பெருக்கி, அதற்கும் உண்மைப் பரப்புக்கும் ஒரு கெழு கண்டுபிடியுங்கள். அடியிலும் நுனியிலும் உள்ள சிற்றிலைகள் சிறியவை என்பதை அந்தக் கெழுவே உள்வாங்கிக்கொள்ளும். வேப்பிலையில் சிற்றிலை அரிவாள்போல் வளைந்திருக்கும். நீளத்தை நேர்க்கோட்டில் எடுக்கிறீர்களா, நரம்போடு வளைத்து எடுக்கிறீர்களா என்பதில் உறுதியாக இருங்கள். முருங்கைக்கு இது பொருந்தாது, இரண்டு மூன்று முறை பிரியும் இலைக்குக் கிளைக்காம்பு வாரியாகத்தான் போக வேண்டும்.

கவைமரம்:
எல்லாம் சரிங்க. ஆனா கெழுவுல மூணாவது தசம இடத்துக்குச் சண்டை போட்டுட்டு, மரத்துல எத்தனை இலைன்னு கேட்டா "சுமாரா ரெண்டாயிரம்"னு சொல்றதுல அர்த்தமே இல்லை. பிழை பெரும்பாலும் எண்ணிக்கைலதான் இருக்கு. அதுக்கு நல்ல வழி நிகழ்தகவு வெச்சுக் கிளை தேர்ந்தெடுக்கிறது. 1955-ல ஜெஸ்ஸன் பழ மரத்துல காய் எண்ணச் சொன்ன முறை, இலைக்கும் அப்படியே பொருந்தும். ஒரு கிளையையும் வெட்ட வேண்டாம்.

அடிமரத்துல ஆரம்பிங்க. முதல் கவைல மூணு கிளை பிரியுதுன்னு வெச்சுக்குங்க: 48, 36, 24 மி.மீ விட்டம். கவைக்குக் கொஞ்சம் மேல, வீக்கம் அடங்கின இடத்துல காலிப்பர் வெச்சு எடுக்கணும். ஒவ்வொண்ணையும் வர்க்கம் பண்ணுங்க: 2304, 1296, 576. கூட்டினா 4176. நிகழ்தகவு 0.552, 0.310, 0.138. போன்ல 0-க்கும் 1-க்கும் நடுவுல ஒரு தற்செயல் எண் எடுங்க. 0.70 வந்தா ரெண்டாவது கிளை, ஏன்னா அது 0.552-லேருந்து 0.862 வரைக்கும்.

அந்த 36 மி.மீ கிளைல ஏறினா அடுத்த கவைல 24, 20. வர்க்கம் 576, 400. முதல் கிளை விழுந்துச்சுன்னா நிகழ்தகவு 0.590. அடுத்த கவைல 16, 12, 12. கடைசிக் கிளை விழுந்துச்சு, 0.265. இப்போ மூணையும் பெருக்குங்க: 0.0485. அந்த 12 மி.மீ கிளைல நுனி வரைக்கும் 137 இலை எண்ணினீங்கன்னா, 137-ஐ அதால வகுத்தா 2,826.

பலரும் விடுறது இதைத்தான்: போற வழில, கவைக்கும் கவைக்கும் நடுவுல, தண்டுலயே ஒட்டியிருக்கிற இலைகள். ரெண்டாவது, மூணாவது கவைக்கு நடுவுல 6 இலை இருந்தா, அதை அந்தத் துண்டோட நிகழ்தகவான 0.183-ஆல வகுக்கணும். 33 இலை. மொத்தம் 2,859.

விட்டத்தோட வர்க்கம் ஏன்னா, கிளையோட குறுக்குவெட்டுக்கும் அது தாங்குற இலைக்கும் ஏறத்தாழ நேர்விகிதம். 1964-ல ஷினோசாகியும் கூட்டாளிகளும் குழாய்மாதிரின்னு சொன்னது அதைத்தான். உங்க மரத்துல அந்த விகிதம் கொஞ்சம் தப்பா இருந்தாலும் விடை ஒரு பக்கமா சாயாது, சிதறல்தான் கூடும். இந்த முறையோட பலமே அதுதான்.

துளிர்நுனி:
அண்ணா, இப்படி ஒரு மரத்துக்கு எத்தனை பாதை போக வேண்டும்?

கவைமரம்:
ஒண்ணு போதவே போதாது, ரெண்டு போட்டாலும் பிழை எவ்வளவுன்னு தெரியாது. ஆறு போடுங்க தம்பி. ஒவ்வொரு தடவையும் அடிமரத்துலேருந்து புதுசா ஆரம்பிக்கணும். உதாரணத்துக்கு ஆறு பாதை 2,859, 2,140, 3,510, 2,620, 2,980, 2,390 கொடுக்குதுன்னு வைங்க. சராசரி 2,750. திட்ட விலக்கம் 482. ஆறின் வர்க்கமூலத்தால வகுத்தா திட்டப்பிழை 197, அதாவது 7.2 சதவீதம்.

தற்செயல் எண் எட்டாத உச்சிக் கிளையைக் காட்டினா "அது கஷ்டம், இதை எடுத்துக்கலாம்"னு கீழ் கிளைக்குத் தாவாதீங்க. அந்த ஒரு சலுகைல மொத்தக் கணக்கும் போச்சு. கீழ, உள்ள இருக்கிற நிழல் இலை பெரிசு, உச்சி இலை சின்னது. ஏணி எட்டலேன்னா தொலைநோக்கி வெச்சு ரெண்டு பக்கத்துலேருந்து எண்ணுங்க.

அளவுகோல்:
கவைமரம் சொன்னதை எண்ணிலேயே காட்டிவிடலாம். எண்ணிக்கைப் பிழையும் இலைப் பரப்புப் பிழையும் தனித்தனி என்றால் மொத்தம் வர்க்கக் கூட்டலின் மூலம். இலைப் பரப்பில் 4 சதவீதம் பிழை என்று கொள்வோம். மேலே உள்ள அதே சிதறலோடு இரண்டு பாதை மட்டும் போனால் எண்ணிக்கையில் 12.4 சதவீதம், மொத்தம் 13. இன்னும் நூறு இலை ஸ்கேன் செய்து 4-ஐ 2 ஆக்கினால் மொத்தம் 12.6. உழைத்ததற்குப் பலனே இல்லை. அதே நேரத்தில் பாதையை ஆறாக்கினால் 8.2.

ஒரு திருத்தமும் உண்டு. எண்ணிக்கையை ஒரு பக்கம், சராசரி இலைப் பரப்பை இன்னொரு பக்கம் என்று பிரிக்காமல், ஒவ்வொரு பாதையிலும் பரப்பையே கணக்கிடுவது மேல். கடைசிக் கிளையில் 137 இலை என்றால் 1 முதல் 10 வரை ஒரு தற்செயல் எண், அந்த இலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பத்தாவது இலையும். 13 அல்லது 14 இலை கிடைக்கும். அவற்றின் நீளம் × அகலம் × கெழு கூட்டி, பத்தால் பெருக்கி, நிகழ்தகவால் வகுங்கள். வழியில் தண்டில் ஒட்டியிருக்கும் சில இலைகளை முழுக்க அளந்து, அந்தந்தத் துண்டின் நிகழ்தகவால் வகுத்துச் சேருங்கள். நிழல் இலை, வெயில் இலை எல்லாம் தத்தம் எடையோடு தானாகவே வந்து சேரும்.

நிழற்கோணம்:
ஏணியே வேண்டாம் என்பவர்களுக்கு வெளிச்ச வழி ஒன்று. விதானத்தின், அதாவது மரத்தின் இலைக்கூட்டத்தின், ஊடாக வானம் தெரியும் பங்கை வைத்து இலைப்பரப்புச் சுட்டெண் (ஒரு ச.மீ நிலத்துக்கு மேலே எத்தனை ச.மீ இலை) காணலாம். உச்சியிலிருந்து 57.5 பாகை சாய்வில் பார்த்தால், இலைகள் எந்தக் கோணத்தில் தொங்கினாலும் நிழல்விழுகைக் கெழு (இலைப்பரப்பில் எத்தனை பங்கு அந்தத் திசையை மறைக்கிறது என்பது) கிட்டத்தட்ட 0.5 தான். அதனால் சுட்டெண் = 1.075 × (வானப் பங்கின் இயல் மடக்கையின் எதிர்மறை). வானம் 8 சதவீதம் தெரிந்தால் 2.7.

போனை அடிவானத்திலிருந்து 32.5 பாகை மேலே சாய்க்க வேண்டும், சாய்வுமானி செயலி போதும். முழு மேகமூட்டத்திலோ, சூரியன் மறைந்த சற்று நேரத்திலோ எடுங்கள். நேர்வெயில் பட்ட இலை வானத்தைப்போல் வெளுத்து, பங்கு கூடி, சுட்டெண் சரியும். எக்ஸ்போஷரைக் கையால் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் அடர்ந்த விதானத்தில் அது படத்தை வெளுப்பாக்கி இலைகளைத் தின்றுவிடும்.

ஆனால் இதில் தண்டும் கிளையும் சேர்ந்தே வரும். இலையுதிர்ந்த பிறகு எடுத்த படத்தை அப்படியே கழித்தால் அதிகமாகக் கழித்துவிடுவீர்கள், இலை இருக்கும்போது கிளையில் ஒரு பகுதி மறைந்திருக்கும் அல்லவா. இலைகள் கொத்துக் கொத்தாக இருந்தால் இடைவெளி கூடித் தெரிந்து சுட்டெண் குறையும். தவிர, இந்தச் சூத்திரம் தொடர்ச்சியான விதானத்துக்கானது. தனி மரத்துக்கு இலைப்பரப்பாக இதை நம்ப வேண்டாம். ஒரே இடத்தில் ஆணி அடித்து, அங்கிருந்தே ஒவ்வொரு முறையும் எடுத்து, பாதை அளவீடுகளுக்கு நடுவே ஏற்ற இறக்கம் பார்க்க நல்ல துணை.

இணைச்சிற்றிலை:
விதான உயரமும் அகலமும் போட்டால் நேராக இலைப்பரப்பு தரும் நோவாக் சமன்பாடு இருக்கிறதே? அதைப் போட்டால் ஐந்து நிமிட வேலை.

அளவுகோல்:
1996-ல் வந்தது. பரப்பின் இயல் மடக்கை = −4.3309 + 0.2942 × விதான உயரம் + 0.7312 × விதான விட்டம் + 5.7217 × நிழல் பங்கு − 0.0148 × புறப்பரப்பு. புறப்பரப்பு என்பது பை × விட்டம் × (உயரம் + விட்டம்) / 2. நிழல் பங்கு என்பது விதானம் மறைக்கும் ஒளியின் பங்கு. நீளங்கள் மீட்டரில், விடை சதுர மீட்டரில். உயரம் 6, விட்டம் 8, நிழல் பங்கு 0.83 என்றால் சுமார் 228 ச.மீ. திறந்த வெளியில் தனித்து வளர்ந்த இலையுதிர் நகர மரங்களுக்கானது, நெருக்கி நட்ட மரங்களுக்கு அல்ல.

இரண்டு இடத்தில் காலை வாரும். நிழல் பங்கைக் கண்ணால் மதிப்பிட்டு 0.05 கூட்டிவிட்டால் விடை 33 சதவீதம் கூடும். அடுத்து, கடைசி உறுப்பு எதிர்மறை என்பதால் பெரிய மரங்களில் கோடு திரும்பிவிடும். 6 மீ உயர விதானத்துக்கு விட்டம் 12.7 மீட்டரைத் தாண்டினால், மரம் அகல அகல இலைப்பரப்பு குறைவதாகச் சொல்லும். தவிர, வளர்ந்த மரங்களில் பொருத்திய சமன்பாடு அது. துளிர்நுனியின் இளம் மரங்களுக்கு, அதுவும் ஒரே பருவத்துக்குள் மாற்றம் பார்க்க, உதவாது. மாதத்துக்கு மாதம் விதான அகலம் மாறாமலே பாதி இலை கொட்டியிருக்கலாம்.

துளிர்நுனி:
எல்லோருக்கும் நன்றி. என் திட்டம்: வேறு மரங்களில் 50 இலையில் கெழு. ஒவ்வொரு மரத்திலும் ஆறு பாதை. மாதம் ஒருமுறை புதிதாகத் தற்செயல் எண் எடுத்து அளப்பது. கூடவே சில இலைகளில் நூல் கட்டி வளர்ச்சி பார்ப்பது. சரியா?

கவைமரம்:
மாசா மாசம் புதுப் பாதை வேண்டாம் தம்பி. மாற்றம்தானே பார்க்கணும்? முதல் தடவை விழுந்த ஆறு பாதையையே வெச்சுக்குங்க. புதுசா எடுத்தா மரம் மாறினதா, கிளை மாறினதான்னு பிரிக்க முடியாது. நிகழ்தகவும் முதல் நாள் கணக்கிட்டதுதான் கடைசி வரைக்கும், கிளை தடிச்சுட்டுதுன்னு திருத்தக் கூடாது. பாதையோட நடுவுல புதுக் கிளை முளைச்சா, அது முளைச்ச துண்டோட நிகழ்தகவால வகுத்துச் சேர்த்துக்குங்க. ஒவ்வொரு கவைலயும் மேல் பக்கமா சின்ன வண்ண நாடா, எண் எழுதி. இறுக்கிக் கட்டாதீங்க, பருவ முடிவுல பட்டையை அறுத்துடும்.

வளார்:
நூல் கட்டும் விஷயத்திலும் ஒன்று. இலையில் கட்டினால் அந்த இலைகள் முற்றி உதிர்வது மட்டும்தான் தெரியும், பிறகு வரும் துளிர்கள் கணக்கிலேயே வராது. வளாரில், அதாவது இளங்கிளையில், கட்டுங்கள். கட்டிய இடத்திலிருந்து நுனி வரை எத்தனை இலை, எத்தனை உதிர்ந்த வடு என்று ஒவ்வொரு முறையும் எண்ணினால் பிறப்பும் இழப்பும் தனித்தனியாகக் கிடைக்கும். நுனி கிழிந்த இலை வந்தால் நீளத்தை ஊகித்து எழுத வேண்டாம். அகலத்தின் வர்க்கத்துக்கும் பரப்புக்கும் ஒரு கெழுவை அதே 50 இலையிலிருந்து எடுத்துவைத்திருந்தால் அகலம் மட்டுமே போதும். அகலப் பிழை அதில் இரட்டிப்பாகும் என்பதால் கிழிந்த இலைகளுக்கு மட்டும்.

இளம் துளிர்க் காலத்தில் கெழுவை ஒருமுறை திரும்பச் சரிபாருங்கள், வேறு மரத்திலிருந்து 15 துளிர் போதும். பல இனங்களில் துளிர் முதலில் நீண்டு, பிறகுதான் அகலும். முற்றிய இலையின் கெழு அங்கே சற்று விலகக்கூடும்.